நாசரேத்து இயேசு: தீராத வழக்கு

*கடவுளா, கடவுளின் தூதரா, மனிதரில் உயர்ந்தவரா? நிசேயாவில் தீர்ப்பு எழுதி 1,700 ஆண்டுகள் ஆகின்றன. மேல்முறையீடுகள் இன்னும் நிற்கவில்லை.*

கான்ஸ்டான்டினோபிள் கடைத்தெருவைப் பற்றி நீசா ஆயர் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அலுத்துக்கொள்கிறார். காலம் கி.பி. 380கள். சில்லறை மாற்றப் போனால், மகன் பிறந்தவரா பிறவாதவரா என்று தத்துவம் ஆரம்பிக்கிறார் காசு மாற்றுபவர். ரொட்டி என்ன விலை என்று கேட்டால், தந்தையே பெரியவர், மகன் அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்று பதில் வருகிறது. குளிக்க வெந்நீர் ஆயிற்றா என்று விசாரித்தால், மகன் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர் என்கிறார் குளிப்பறைப் பணியாள்.

கிரகோரிக்கு அது எரிச்சல். நமக்கு அது அரிய சாட்சி. இயேசு கடவுளா என்ற கேள்வி மடங்களுக்குள்ளும் ஏட்டுச் சுவடிகளுக்குள்ளும் மட்டும் கிடந்ததில்லை. ரொட்டிக் கடையில் நின்று பேசும் அளவுக்கு அது ஊர் விவகாரமாக இருந்தது. 2025 நவம்பரில் போப் பதினான்காம் லியோவும் கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் துருக்கியின் இஸ்னிக் நகரில் சேர்ந்து பிரார்த்தனை செய்தது, அந்த விவகாரத்துக்குத் தீர்ப்பு எழுத முயன்ற ஒரு கூட்டத்தின் 1,700-வது ஆண்டை நினைவுகூரத்தான். இஸ்னிக்கின் பழைய பெயர் நிசேயா.

கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிசேயாவின் பதிலை ஏற்கிறார்கள். யூதர்கள் மறுக்கிறார்கள். முஸ்லிம்கள் இயேசுவை நபியாகப் போற்றியபடியே மறுக்கிறார்கள். கிறிஸ்தவப் பெயருக்குள் இருந்துகொண்டே மறுப்பவர்களும் உண்டு. இவர்களில் யார் சரி என்று சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. இத்தனை பேர் உயிரையும் ஊரையும் பணயம் வைத்துப் பதில் சொன்னபோது எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்று பார்ப்பதே நோக்கம். அது தெரியாமல் இந்த வாதங்களைப் படித்தால் எல்லாமே வீண் வீம்பாகத் தோன்றும்.

அலெக்சாந்திரியாவில் மூண்ட தீ

எகிப்தின் துறைமுக நகரம் அலெக்சாந்திரியா. அங்கே பௌகாலிஸ் என்ற பகுதியின் ஆலயத்தைக் கவனித்துவந்த குரு ஏரியஸ். லிபிய வழி வந்தவர், துறவொழுக்கம் உள்ளவர், நன்றாகப் பேசக்கூடியவர். சுமார் 318இல் அவருக்கும் அவருடைய ஆயர் அலெக்சாந்தருக்கும் மோதல் தொடங்கியது.

ஏரியஸின் வாதம் எளிதில் பிடிபடக்கூடியது. கடவுள் ஒருவரே. அவருக்குத் தொடக்கம் கிடையாது, மாற்றம் கிடையாது, பங்குபோடவும் முடியாது. இயேசுவோ பிறந்தார், பசித்தார், அழுதார், மரித்தார். உலக முடிவின் நாள் தனக்குத் தெரியாது, தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று அவர் கூறியதாக மாற்கு நற்செய்தி சொல்கிறது. தந்தை தன்னைவிடப் பெரியவர் என்று அவர் சொன்னதாக யோவான் எழுதுகிறார். அப்படியானால் மகன் என்பவர் படைப்புகளில் முதலானவர், மிக உயர்ந்தவர். காலம் தோன்றுமுன்பே உண்டாக்கப்பட்டவர். அவர் வழியாகத்தான் உலகமே படைக்கப்பட்டது. அவரைக் கடவுள் என்று அழைக்கலாம். ஆனால் தந்தைக்குச் சமமாக வைக்கக்கூடாது.

இந்தக் கருத்தைக் கூத்துப் பாட்டு போலவும் பரப்பினார் ஏரியஸ். மாலுமிகளுக்கும் மாவரைப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் என்று அவர் பாட்டுக் கட்டிக் கொடுத்ததாக ஒரு பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். நாத்திகத்தின் வாடை எதுவும் அதில் இல்லை. கடவுளின் ஒருமைக்குக் கீறல் விழுந்துவிடக்கூடாது என்ற பதற்றமே அவரைப் பேசவைத்தது.

எதிர்த்தரப்பின் பதற்றம் வேறு. அலெக்சாந்தரிடம் உதவியாளராக இருந்த இளம் திருத்தொண்டர் அத்தனாசியுஸ் பின்னாளில் அதை விரிவாக எழுதினார். மகன் ஒரு படைப்பு என்றால் நாம் இத்தனை நாளும் ஒரு படைப்பைத்தானே கும்பிட்டுவந்திருக்கிறோம்? அது விக்கிரக வழிபாடு ஆகாதா? நீரில் தத்தளிப்பவனை இன்னொரு தத்தளிப்பவன் கரையேற்ற முடியாது. சாவுக்கு உட்பட்ட மனிதனைச் சாவிலிருந்து மீட்க வேண்டுமானால், மீட்பவர் சாவுக்கு அப்பாற்பட்டவராக, கடவுளாகவே இருந்தாக வேண்டும். இயேசுவைக் கடவுளுக்கு ஒரு படி கீழே இறக்கினால் மீட்பும் ஒரு படி இறங்கி, ஒன்றுமில்லாமல் போய்விடும்.

ஒருவர் கடவுளின் தனிமையைக் காக்கிறார், மற்றவர் மனிதனின் மீட்பைக் காக்கிறார். இருவரும் ஒரே வேதத்தைப் புரட்டுகிறார்கள், இருவருக்கும் வசனம் கிடைக்கிறது. அதனால்தான் வசனத்தைக் காட்டி இந்த வழக்கை முடிக்க யாராலும் முடியவில்லை.

ஏரிக்கரையில் பேரரசர்

ரோமப் பேரரசை முழுசாகத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்த கான்ஸ்டன்டைனுக்கு இந்தத் தகராறு தலைவலி ஆயிற்று. பேரரசை இணைக்கும் கயிறாகக் கிறிஸ்தவம் உதவும் என்று அவர் நினைத்திருந்தபோது, அந்தக் கயிறே பிரி பிரியாகக் கழன்றுகொண்டிருந்தது. 325ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் ஆயர்களை ஏரிக்கரை நகரான நிசேயாவுக்கு வரவழைத்தார். பயணச் செலவு அரசுடையது. வந்தவர்களில் சிலர், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை நடந்த துன்புறுத்தலில் கண்ணோ காலோ சேதப்பட்டவர்கள். அவர்களுக்கு அரண்மனையில் விருந்து.

வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. நேரில் கலந்துகொண்ட செசரியா ஆயர் யூசேபியுஸ் 250க்கு மேல் என்று எழுதுகிறார். பெரும்பாலோர் கிரேக்க மொழி பேசும் கிழக்குப் பகுதியினர். ரோம் ஆயர் சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். கூட்டத்தைத் தொடங்கிவைத்த பேரரசரோ அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை.

முடிவில் ஒரு விசுவாசப் பிரமாணம் எழுதப்பட்டது. மகன் படைக்கப்பட்டவர் இல்லை, தந்தையோடு ஒரே பொருளானவர் என்பது அதன் மையம். ஏரியஸ் தரப்பு நழுவ முடியாதபடி போட்ட பூட்டு அது. ஆனால் 'ஒரே பொருளானவர்' என்பதைக் குறித்த கிரேக்கச் சொல் வேதாகமத்தில் இல்லாதது. வேதத்தில் இல்லாததை எப்படி விசுவாசத்தின் அளவுகோலாக வைக்கலாம் என்ற முணுமுணுப்பு, ஏரியஸைப் பிடிக்காத ஆயர்களிடமும் இருந்தது. ஆனாலும் கையெழுத்திட மறுத்தவர்கள் கடைசியில் லிபியப் பகுதி ஆயர்கள் இருவர் மட்டுமே. அவர்களும் ஏரியஸும் நாடுகடத்தப்பட்டார்கள். ஒரு கோட்பாட்டுக்காக அரசு ஒரு கிறிஸ்தவரைத் தண்டிக்கும் பழக்கம் அங்கே வேர்பிடித்தது.

---

பெட்டிச் செய்தி: நாவல் பரப்பிய கதை

2003இல் வெளிவந்து உலகெங்கும் விற்றுத் தீர்ந்த 'தி டாவின்சி கோட்' நாவல் நிசேயாவைப் பற்றிச் சில எண்ணங்களை விதைத்துவிட்டது. அவற்றை மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இன்றும் கேட்கலாம்.

அதுவரை மனிதராகக் கருதப்பட்ட இயேசு, நிசேயாவில் வாக்கெடுப்பில் கடவுளாக்கப்பட்டார் என்பது ஒன்று. அங்கே கூடியவர்களில் இயேசுவைச் சாதாரண மனிதர் என்று சொன்னவர் எவரும் இல்லை. ஏரியஸ்கூட அவரை உலகத்துக்கு முற்பட்டவர் என்றே நம்பினார். தந்தைக்கு நிகரானவரா என்பதுதான் சண்டை.

மயிரிழையில் முடிவான வாக்கெடுப்பு என்பது இன்னொன்று. எதிர்த்து நின்றவர்கள் இரண்டே ஆயர்கள்.

புதிய ஏற்பாட்டில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று அங்கே முடிவுசெய்தார்கள் என்பது மூன்றாவது. நிசேயாவின் நிகழ்ச்சிநிரலில் அது இல்லை. ஈஸ்டர் நாளை எப்படிக் கணிப்பது என்பது இருந்தது.

---

தீர்ப்புக்குப் பின்தான் சண்டை

நிசேயாவோடு விஷயம் முடிந்திருந்தால் கிரகோரிக்குக் கடைத்தெருவில் நிம்மதியாக ரொட்டி கிடைத்திருக்கும். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் காற்று நேரெதிராக அடித்தது. சில ஆண்டுகளிலேயே ஏரியஸ் திரும்ப அழைக்கப்பட்டார். 328இல் அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியுஸ் ஐந்து முறை விரட்டப்பட்டார். 45 ஆண்டு ஆயர் பணியில் சுமார் 17 ஆண்டுகள் ஊருக்கு வெளியே கழிந்தன. நிசேயாவைக் கூட்டிய கான்ஸ்டன்டைனுக்கு 337இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் கொடுத்தவர் நிக்கொமேதியா யூசேபியுஸ். ஏரியஸின் பழைய நண்பர்.

கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்ஷியஸ் நிசேயாவை எதிர்த்த தரப்பின் பக்கம் சாய்ந்தார். 359இல் மேற்கிலும் கிழக்கிலும் கூட்டப்பட்ட சங்கங்கள் அந்த ஒரே பொருள் கோட்பாட்டையே ஒதுக்கிவைத்தன. எந்தப் பேரரசர் அரியணையில் இருக்கிறாரோ அவர் நம்பிக்கையே சரியான நம்பிக்கை என்ற நிலை. கடைசியில் தியோடோசியஸ் வந்தார். 381இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம் நிசேயாவை உறுதிசெய்தது. இன்று ஞாயிறு வழிபாட்டில் சொல்லப்படும் நிசேயா விசுவாசப் பிரமாணம், அந்த இரண்டாம் சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் விரிந்த வடிவமே.

அதற்குள் ஏரியஸ் வழி நம்பிக்கை பேரரசின் எல்லையைத் தாண்டிவிட்டது. கோத் மக்களுக்கு வேதாகமத்தை மொழிபெயர்த்த உல்ஃபிலா அந்த நம்பிக்கைக்காரர். கோத்களும் வாண்டல்களும் அதைத் தங்கள் அடையாளமாகவே ஏற்றார்கள். ஸ்பெயினை ஆண்ட விசிகோத் மன்னர் ரெக்காரெட் 589இல் தொலேதோ சங்கத்தில் அதைக் கைவிடும்வரை, மேற்கு ஐரோப்பாவில் அரசர்கள் சிலருக்கு இயேசு தந்தைக்கு ஒரு படி கீழேதான்.

இயேசு முழுக் கடவுள் என்று ஒப்புக்கொண்டவர்களுக்குள்ளும் அடுத்த பிரச்சினை கிளம்பியது. அப்படியானால் அவருக்குள் கடவுளும் மனிதரும் எப்படி ஒன்றாக இருந்தார்கள்? 431இல் எபேசு, 451இல் கால்செதோன். கால்செதோன் தந்த சூத்திரம், ஒரே ஆள், இரண்டு இயல்புகள். எகிப்தின் காப்டிக் சபை, ஆர்மீனிய சபை, சிரியாவின் ஒரு பகுதி எல்லாம் அதை ஏற்காமல் பிரிந்தன. பாரசீகத்துக் கீழைத் திருச்சபை அதற்கு முன்பே தனி வழி போயிருந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பல பிரிவுகளுக்குப் பின்னால் இந்த ஐந்தாம் நூற்றாண்டுப் பிளவுகளின் நிழல் இருக்கிறது. காப்டிக் சபையோடு 1973இலும் கீழைத் திருச்சபையோடு 1994இலும் ரோம் கூட்டறிக்கை வெளியிட்டு, நாம் வேறு வேறு வார்த்தைகளில் ஏறக்குறைய ஒரே விசுவாசத்தையே சொல்லிவந்தோம் என்று ஒப்புக்கொண்டது. அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின.

முதல் தலைமுறை என்ன நம்பியது?

நிசேயாவுக்கு மூன்று நூற்றாண்டு முன்னால் போய், இயேசுவை நேரில் பார்த்தவர்கள் அவரை யாரென்று நினைத்தார்கள் என்பதே இன்றைய வரலாற்றறிஞர்களின் கேள்வி. கையில் இருப்பவற்றில் மிகப் பழையவை பவுலின் கடிதங்கள். 50களில் எழுதப்பட்டவை. அவற்றுள் பிலிப்பியர் கடிதத்தில் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் வடிவில் இருந்தவர் தன்னைத் தாழ்த்தி மனிதரானார் என்ற பொருளில் ஒரு பகுதி வருகிறது. பவுலுக்கு முன்பே சபையில் வழங்கிய பாடலாக அது இருக்கலாம் என்பது பலர் கருத்து. சிலுவைச் சாவுக்குப் பின் இருபது முப்பது ஆண்டுகளிலேயே, ஒரே கடவுளைத் தவிர வேறெவரையும் வணங்காத யூதர்கள் நடுவில், இப்படி ஒரு பக்தி எப்படி எழுந்தது?

கி.பி. 112 வாக்கில் கருங்கடல் கரை மாகாணம் ஒன்றின் ரோம ஆளுநர் பிளினி, தான் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டார். அவர் ஆண்ட பித்தினியாவில்தான் நிசேயாவும் இருந்தது.

மறுபக்கம், எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவர்கள் இயேசுவை மெசியாவாகவும் மனிதராகவும் மட்டுமே ஏற்றார்கள். இதற்கு நேரெதிராக, அவர் கடவுள்தான், உடல் என்பது வெறும் தோற்றம் என்று சொன்ன கூட்டமும் இருந்தது. ஆதிச் சபை இரண்டு முனைகளிலும் மல்லுக்கட்டியது. இயேசு உண்மையாகவே பசித்தார், உண்மையாகவே வலித்தது என்று அந்தியோக்கியா இஞ்ஞாசியார் அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவரைக் கடவுள் என்று நம்புவதைவிட மனிதர் என்று நம்புவது சிலருக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

அமெரிக்க அறிஞர் பார்ட் எர்மன் 2014இல் எழுதிய நூலில் ஒரு படிக்கட்டைக் காட்டுகிறார். உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கையால் சீடர்கள் முதலில் இயேசுவைக் கடவுள் உயர்த்திய மனிதராகக் கண்டார்கள். பிறகு அந்த உயர்வை ஞானஸ்நானத்துக்கும், பிறப்புக்கும், பிறப்புக்கு முன்புக்கும் பின்தள்ளிக்கொண்டே போனார்கள் என்பது அவர் விளக்கம். லாரி ஹூர்ட்டாடோ போன்றவர்களோ படிக்கட்டே இல்லை, இயேசு வழிபாடு தொடக்கத்திலேயே திடீரென்று பொங்கியது என்றார்கள். இந்த ஆய்வெல்லாம் எப்போது நம்பினார்கள் என்பதைத்தான் சொல்லும். நம்பியது உண்மையா என்று கேட்டால் வரலாறு வாயைத் திறக்காது.

கலீபாவின் அவையில்

கிறிஸ்தவத்துக்கு வெளியே போனால், யூத மரபில் பதில் தெளிவு. 1263இல் பார்சலோனாவில் அரகோன் மன்னர் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு பொது வாதம் நடந்தது. யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான துறவி பாப்லோ கிறிஸ்தியானிக்கு எதிரே ரப்பி நாக்மானிதஸ். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு பெண்ணின் வயிற்றில் தங்கி, பிறந்து, வளர்ந்து, பகைவர் கையில் கொல்லப்பட்டார் என்பதை அறிவு ஏற்காது என்பதே நம் கருத்து வேறுபாட்டின் ஆணிவேர் என்று மன்னரிடமே அவர் சொன்னதாக அவர் எழுதிய குறிப்பு கூறுகிறது. மன்னர் அவருக்கு வெகுமதியும் கொடுத்தார். ஆனால் நெருக்கடி தொடர்ந்ததால் சில ஆண்டுகளில் முதிய ரப்பி நாட்டை விட்டே போக நேர்ந்தது.

இஸ்லாமின் நிலை இன்னும் நுணுக்கமானது. இயேசு, ஈசா நபியாகக் குர்ஆனில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயர் சொல்லிப் பேசப்படுகிறார். அவர் தாய் மர்யமின் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு. குர்ஆனில் பெயர் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். தந்தையின்றிப் பிறந்தவர், அற்புதங்கள் செய்தவர், மஸீஹ், இறுதிக் காலத்தில் திரும்பி வருபவர் என்ற நம்பிக்கைகள் முஸ்லிம்களுக்கும் உண்டு. ஆனால் அல்லாஹ்வுக்கு மகன் இருக்க முடியாது, இணை இருக்க முடியாது. ஏகத்துவத்தில் ஓர் இழையைக்கூட விட்டுக்கொடுக்க இடமில்லை. எருசலேமில் 691-92இல் கட்டிமுடிக்கப்பட்ட பாறைக் குவிமாடத்தின் உட்புறக் கல்வெட்டு, வேதக்காரர்களை அழைத்து ஈசாவைப் பற்றி இதையே சொல்கிறது.

இஸ்லாமும் கிறிஸ்தவமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய ஒரு தருணம் பதிவாகியிருக்கிறது. சுமார் 781இல் பாக்தாத். கலீபா அல்-மஹ்தியின் முன் கீழைத் திருச்சபையின் தலைவர் திமொத்தேயு. உங்களைப் போன்ற படித்தவர், கடவுள் ஒரு பெண்ணை மணந்து பிள்ளை பெற்றார் என்று சொல்லலாமா என்று கலீபா தொடங்குகிறார். அப்படிச் சொல்பவன் கடவுளைப் பழிப்பவன், சூரியனிலிருந்து ஒளி பிறப்பதுபோலவும் மனத்திலிருந்து சொல் பிறப்பதுபோலவும்தான் மகன் என்கிறோம் என்று திமொத்தேயு விளக்குகிறார். இரண்டு நாள் பேச்சு. பணிவோடு, ஆனால் தன் நிலையிலிருந்து அசையாமல் பதில் சொல்கிறார் திமொத்தேயு.

இறுதிப் பகுதியில் அவர் ஓர் உவமை சொல்கிறார். இரவு, இருட்டு வீடு. நடுவில் ஒரு முத்து விழுந்துவிட்டது. எல்லோரும் தேடுகிறார்கள். ஒருவர் கையில் முத்து, மற்றவர்கள் கையில் கல்லோ கண்ணாடியோ. ஆனால் முத்து என்னிடம்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். விடிந்தால் தெரியும். அதன் பிறகும் முத்து தங்களிடமே இருக்கிறது என்பதற்கான அடையாளங்களைச் சொல்ல அவர் தவறவில்லை.

திமொத்தேயுவின் அதிகாரம் தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் வரை நீண்டது. சென்னை பரங்கிமலை ஆலயத்தில் பழைய பாரசீகப் பகலவி எழுத்துப் பொறித்த கல் சிலுவை ஒன்று இருக்கிறது. பாரசீகத்தோடு இருந்த அந்தப் பழைய உறவுக்கு அதுவே சாட்சி.

நெருப்பும் சட்டமும்

ஐரோப்பாவில், தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுப்பது நெடுநாள் உயிர் போகும் குற்றமாகவே இருந்தது. ஸ்பானிய மருத்துவர் மிகேல் செர்வேட்டஸ் 1531இல் திரித்துவத்தின் பிழைகள் என்று ஒரு நூல் எழுதினார். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். குற்றஞ்சாட்டியதில் முன்நின்றவர் சீர்திருத்தவாதி கால்வின். ரோமின் பிடியிலிருந்து விடுபட்டவர்களும் நிசேயாவின் எல்லையைத் தாண்ட யாரையும் விடவில்லை.

பதினைந்தே ஆண்டுகளில் இன்னொரு மூலையில் வேறொன்று நடந்தது. டிரான்சில்வேனியாவின் டோர்டா நகரில் 1568இல் கூடிய சபை, போதகர்கள் தாங்கள் விளங்கிக்கொண்டபடி போதிக்கலாம் என்று அனுமதித்தது. இளவரசர் ஜான் சிகிஸ்மண்ட் தாமே யூனிட்டேரியன், அதாவது கடவுள் ஒருவரே, இயேசு அவருக்குச் சமமல்ல என்ற நம்பிக்கைக்காரர். அந்த இயக்கத்தின் தலைவர் ஃபெரென்ஸ் டேவிட், ஆட்சி மாறிய பிறகு, இயேசுவை நோக்கிப் பிரார்த்தனையே செய்யக்கூடாது என்று ஒரு படி மேலே போனார். 1579இல் சிறைக்கோட்டையில் இறந்தார்.

பயம் நீண்டகாலம் நீடித்தது. ஐசக் நியூட்டன் திரித்துவத்தை ரகசியமாக மறுத்தவர். பக்கம் பக்கமாக எழுதிவைத்தும் உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. அவர் வேலைபார்த்த கல்லூரியின் பெயரே திரித்துவக் கல்லூரி. ஆக்சிஜன் ஆய்வால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி வெளிப்படையான யூனிட்டேரியன். 1791இல் பர்மிங்காமில் ஒரு கும்பல் அவருடைய வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் நாசமாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்ததும் அந்தக் கோபத்துக்குக் காரணம். திரித்துவத்தை மறுப்பது குற்றமில்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1813இல்.

புரசைவாக்கமும் கல்கத்தாவும்

அதே 1813இல் சென்னை புரசைவாக்கத்தில் ஒரு சின்ன ஆலயம் எழுந்தது. கட்டியவர் வில்லியம் ராபர்ட்ஸ். பெயர்தான் ஆங்கிலம், ஆள் தமிழர். ஆங்கிலேயரிடம் பணியாளாக இருந்து இங்கிலாந்து போனவர், அங்கே யூனிட்டேரியன் எழுத்துகளைப் படித்து மனம் மாறினார். ஊர் திரும்பித் தன்னைப் போன்ற எளிய மனிதர்களைச் சேர்த்துத் தமிழிலேயே வழிபாடு நடத்தினார். ஐரோப்பிய மிஷனரி யாரும் அனுப்பாமல், தமிழர் ஒருவர் தானே தேடிக்கண்ட கிறிஸ்தவம் அது. அதில் இயேசு வழிகாட்டி. வணக்கம் ஒரே கடவுளுக்கு.

கல்கத்தாவில் இதே விஷயம் பெரும் வாதமாக வெடித்தது. ராஜாராம் மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகள் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விலக்கி, அறிவுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருக்கலாம். செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனரி ஜோசுவா மார்ஷ்மன் கடுமையாகத் தாக்கினார். சிலுவைப் பலியையும் தெய்வத்தன்மையையும் எடுத்துவிட்டுப் போதனையை மட்டும் வைத்துக்கொள்வது, உயிரை விட்டுவிட்டு உடலை வைத்துக்கொள்வதாக அவருக்குப் பட்டது. ராய் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மறுப்புகள் எழுதினார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூல வேதத்தை வைத்தே வாதாடினார். மூன்றாவதை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்ததால் தானே அச்சகம் வைத்தார்.

ராயோடு நற்செய்திகளை வங்க மொழியில் பெயர்க்க உட்கார்ந்த ஸ்காட்லாந்து மிஷனரி வில்லியம் ஆடம், 1821இல் தாமே யூனிட்டேரியன் ஆகிவிட்டார். வீழ்ந்த இரண்டாம் ஆதாம் என்று சக வெள்ளையர்கள் அவரைக் கேலி செய்தார்கள். மதம் மாற்ற வந்தவர் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு நின்ற இந்தச் சம்பவம் லண்டன் வரை பேசப்பட்டது. ராய் 1833இல் பிரிஸ்டலில் யூனிட்டேரியன் நண்பர்கள் நடுவில் காலமானார். பிற்பாடு மேகாலயாவின் காசி மலைகளில் 1887இல் ஹஜோம் கிசோர் சிங் தொடங்கிய யூனிட்டேரியன் சபை இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது.

அவதாரம் என்று சொல்லலாமா?

தமிழ் மண்ணில் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. சைவ சித்தாந்தி, கருவில் பிறந்து இறப்பவர் எப்படிச் சிவமாக முடியும் என்பார். வைணவரோ, கடவுள் பிறப்பது நமக்குத் தெரிந்ததுதானே, ஏன் ஒரே ஒரு முறை என்கிறீர்கள் என்பார். கிறிஸ்தவப் போதகர் ஒருவருக்குக் கடவுள் பிறக்கலாம் என்று வாதாட வேண்டும், மற்றவருக்கு ஒரே முறைதான் என்று வாதாட வேண்டும்.

1920களில் சென்னையில் எழுதிய வெங்கல் சக்கரை இரண்டாவது கேள்வியை எதிர்கொண்டார். வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தவர். இயேசு அவதாரம்தான் என்று துணிந்து எழுதினார். மற்ற அவதாரங்கள் காரியம் முடிந்ததும் மறைகின்றன, இயேசுவின் அவதாரமோ முடியாதது; ஆவியாக மனிதருள் தொடர்ந்து இயங்குவது என்பது அவர் வைத்த வேறுபாடு.

பாளையங்கோட்டையில் பிறந்து, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி வேறு வழியில் போனார். ஆழ்வார் நாயன்மார் பக்தியில் ஊறியவர். ராமானுஜரின் விசிஷ்டாத்வைதம் அவருக்கு நெருக்கம். தந்தையும் நானும் ஒன்று என்ற பொருளில் யோவான் நற்செய்தியில் வரும் கூற்றை, பொருளால் ஒன்றாதல் என்று கொள்ளாமல் அன்பாலும் சித்தத்தாலும் ஒன்றாதல் என்று விளக்கினார். இயேசு தந்தையிடம் ஜெபித்தார், கீழ்ப்படிந்தார். இருவர் இருந்தால்தானே பக்தி இருக்க முடியும்? நிசேயாவின் காதுக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் அவர் காக்க விரும்பியது பக்தியை. கடவுளும் பக்தனும் கரைந்து ஒன்றாகிவிட்டால் அன்புக்கு இடமில்லை என்ற தமிழ்ப் பக்தி மரபின் கவலையே அவர் எழுத்தில் இருக்கிறது.

காந்திக்கு இயேசு தியாகத்தின் திருவுருவம். கடவுளின் ஒரே மகன் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை என்று தன் சுயசரிதையில் எழுதினார். ராமகிருஷ்ண மடங்களிலோ கிறிஸ்துமஸ் முந்தின மாலை இயேசு படத்துக்கு ஆரத்தி நடக்கிறது. ஒருவர் தெய்வமாக ஏற்காமல் பின்பற்றுகிறார், மற்றவர்கள் தெய்வங்களில் ஒருவராக ஏற்றுக் கும்பிடுகிறார்கள். நிசேயாவில் கூடியவர்கள் யாரும் எண்ணிப்பார்த்திராத இரண்டு பதில்கள் இவை.

எதைக் காக்கிறார்கள்?

இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் இந்த வழக்கின் எல்லாத் தரப்புகளையும் ஒரு சாயங்காலத்தில் சந்தித்துவிடலாம். கத்தோலிக்க ஆலயத்தில் மூவொரு கடவுள். யெகோவாவின் சாட்சிகள் 'காவற்கோபுரம்' இதழோடு கதவைத் தட்டி, இயேசு கடவுளின் முதல் படைப்பு, திரித்துவம் வேதத்தில் இல்லை என்கிறார்கள். ஏரியஸ் கேட்டால் பாதிக்கு மேல் தலையாட்டுவார். அடுத்த தெருப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில், தந்தை, மகன், ஆவி எல்லாமே இயேசு ஒருவர்தான் என்று இயேசு நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பள்ளிவாசலில் ஈசா நபி பெயரைச் சொல்லும்போதெல்லாம் அலைஹிஸ்ஸலாம் சேர்கிறது.

இவர்கள் யாரும் இயேசுவைச் சிறுமைப்படுத்த இந்தப் பதில்களைச் சொல்லவில்லை. கடவுளின் ஒருமை குலையக்கூடாது என்பது ஒரு கவலை. கடவுள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவராக ஆகிவிடக்கூடாது என்பது இன்னொரு கவலை. இயேசுவைக் கும்பிட்டுவிட்டு அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டுவிடுவார்களோ என்பது ராயின் கவலை. மூன்றுமே நியாயமானவை. மூன்றையும் ஒரே சமயத்தில் முழுசாகத் தீர்க்கும் பதில் எதுவும் 2,000 ஆண்டுகளில் எல்லோருக்கும் ஒப்பாக அமையவில்லை.

வழக்கு அழுகிப்போன இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வாதத்தை முடிக்க அரசு நாடுகடத்தியபோது, ஜெனீவா விறகு அடுக்கியபோது, டிரான்சில்வேனியக் கோட்டைக் கதவு சாத்தப்பட்டபோது. அப்படி அடக்கிய எந்தப் பதிலும் அழியவில்லை. ஏரியஸ் நாடுகடத்தப்பட்டும் அவர் கருத்து கோத் மன்னர்களின் அரண்மனைக்கே போய்ச் சேர்ந்தது. செர்வேட்டஸைச் சாம்பலாக்கிய 260 ஆண்டுக்குள் அதே மறுப்பு புரசைவாக்கத்தில் தமிழில் வழிபாடாகிவிட்டது. அத்தனாசியுஸ் தரப்பும் ஐந்து முறை துரத்தப்பட்ட பிறகுதான் வென்றது. அதிகாரத்தால் இரண்டு பக்கத்தையும் அழிக்க முடியவில்லை.

வழக்கு செழித்த இடங்களும் உண்டு. பாக்தாதில் ஒரு கலீபா கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைப் பொறுமையாகக் கேட்டார். கல்கத்தாவில் இரண்டு பேர் மூன்றாண்டு அச்சில் மோதிக்கொண்டார்கள், யார் வீடும் எரியவில்லை. இந்த இரண்டு வாதங்களிலும் எவரும் மற்றவரை ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. ஆனாலும் எதிராளி எதற்குப் பயப்படுகிறார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்துபோயிற்று. இயேசு யார் என்ற கேள்வியில் அடுத்த வீட்டுக்காரரோடு நாம் ஒத்துப்போகாமலே இருந்துவிடலாம். அவர் எதைக் காக்கிறார் என்று தெரிந்துகொண்டு ஒத்துப்போகாமல் இருப்பதே மரியாதை.